சீலை முடிச்சில் வந்த வெள்ளிக் காசு

அம்மம்மாவின் றங்குப் பெட்டியின் அடியிலே, பழைய சீலைத் துண்டொன்றில் முடிந்து வைக்கப்பட்ட சில காசுகள். எமது வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு முடிச்சு இருந்தது. சில முடிச்சுகள் இடம்பெயர்வுகளின்போது தொலைந்து போயின. சில, பசி வந்த நாளில் கைமாறின. சில மட்டும் இன்னும் மிஞ்சி இருக்கின்றன. அவை என்ன காசு, எந்த நாட்டுக் காசு, என்ன பெறுமதி என்பது வைத்திருப்பவருக்கே தெரியாது. தெரியாத பொருளை விற்கும்போது, விலையை வாங்குபவரே தீர்மானிக்கிறார்.

கிளிநொச்சிப் பக்கத்தில் வாழும் ஒரு சகோதரி அப்படியொரு முடிச்சுடன் வந்திருந்தார். கணவரை 2009இல் இழந்தவர். இரண்டு பெண் பிள்ளைகள். அம்மம்மாவின் முடிச்சு 1995இல் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கும், பின்பு வன்னிக்கும், அங்கிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் முகாமுக்கு வந்தது. பிள்ளையின் பள்ளிக்கூடப் பையின் அடித் தையலுக்குள் வைத்துத் தைத்திருந்தாராம். இப்போது கிணற்று மோட்டர் பழுது. வாரக் கடனும் கட்ட வேண்டும். நகரத்துக் கடையொன்றில் காசுகளைக் காட்டியிருக்கிறார். ஒன்பது காசையும் ஒன்றாகத் தராசில் போட்டவர், "தங்கச்சி, இது கலப்பு வெள்ளி. அரைப் பங்குதான் தேறும்" என்று ஒரு விலை சொன்னாராம்.

அவர் விற்காமல் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அம்மம்மா சாகுமட்டும் இதை விக்கேல்லை அக்கா. நான் வித்தாலும், என்னத்தை விக்கிறன் எண்டாவது எனக்குத் தெரிய வேணுமெல்லே?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான். அவருடைய ஒன்பது காசுகளையும் முன்னால் வைத்துக்கொண்டே பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது இந்தக் காசு?

அவருடைய அம்மப்பா மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். எழுதுவினைஞராக, ஸ்டேஷன் மாஸ்டராக, நில அளவையாளராக, ஆஸ்பத்திரி உத்தியோகத்தராக வேலை பார்த்தார்கள். ஊர் திரும்பியவர்களை "மலாயன் பென்சனியர்" என்று அழைத்தது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் அங்கே சம்பளமாகப் பெற்றது டொலர். அந்த டொலருக்கு மலாயாத் தமிழர் வைத்த பெயர் "வெள்ளி". அந்த நாணயம் உண்மையிலேயே வெள்ளியால் செய்யப்பட்டிருந்ததால் வந்த பெயர் அது. இன்றைக்கும் சிங்கப்பூர்த் தமிழர் "பத்து வெள்ளி" என்றுதான் சொல்கிறார்கள்.

காகித நோட்டின் கதை வேறு. 1942 முதல் 1945 வரை யப்பானியர் மலாயாவை ஆண்டபோது, வாழைமரம் அச்சடித்த நோட்டை வெளியிட்டார்கள். யுத்தம் முடிந்ததும் அது வெறுங் காகிதமானது. வெள்ளிக் காசு மட்டும் எந்த அரசு போனாலும் உலோகமாக நின்றது. பழைய மனிதர் அதைச் சீலையில் முடிந்து வைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

முதலில் ஆண்டைப் பாருங்கள், பின்பு நிறையைப் பாருங்கள்

ஒரே அரசனின் தலை இருக்கிறது என்பதற்காக எல்லாக் காசும் ஒன்றல்ல. மலாயா, சிங்கப்பூரில் வழங்கிய வெள்ளி டொலர் "ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்" டொலர் என்று அழைக்கப்படும். ஒரு பக்கத்தில் முடிசூடிய அரசனின் தலை. மறுபக்கத்தில் பின்னல் கோலம் போன்ற அலங்காரத்திற்குள் சீன எழுத்தும், அரபு எழுத்தில் எழுதிய மலாய் மொழியும் இருக்கும். சுற்றிவர ஆங்கிலத்தில் நாட்டின் பெயரும் ஆண்டும் இருக்கும். இதில் மூன்று வகையை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, 1903, 1904ஆம் ஆண்டுக் காசு. ஏழாம் எட்வேர்ட் அரசன் வலப்பக்கம் பார்த்திருப்பார். நிறை 26.95 கிராம். ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. குறுக்களவு 37 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும்.

இரண்டாவது, 1907 முதல் 1909 வரையிலான காசு. அதே எட்வேர்ட் அரசன், அதே கோலம். ஆனால் நிறை 20.21 கிராம். வெள்ளி 900 பங்குதான். குறுக்களவு 34.5 மில்லிமீற்றர். ஏன் சிறுத்தது? 1906இல் ஒரு டொலருக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று ஆங்கிலப் பணத்தில் மதிப்பு நிலையாக வைக்கப்பட்டது. உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியபோது காசின் முகமதிப்பை விட உள்ளிருக்கும் வெள்ளியின் மதிப்பு கூடிவிடும் நிலை வந்தது. அப்படியானால் சனங்கள் காசை உருக்கி விடுவார்கள். ஆகவே பெரிய காசை மீளப் பெற்று, சிறிய காசாக அடித்தார்கள். உங்களிடம் பெரியது இருந்தால், அது அன்று உலைக்குப் போகாமல் தப்பியது.

மூன்றாவது, 1919, 1920ஆம் ஆண்டுக் காசு. ஐந்தாம் ஜோர்ஜ் அரசன் இடப்பக்கம் பார்த்திருப்பார். நிறை 16.85 கிராம். வெள்ளி 500 பங்கு, அதாவது சரிபாதி. முதல் உலக யுத்தத்தின் பின் வெள்ளி விலை கடுமையாக ஏறியதால் கலப்பைக் கூட்டினார்கள். கடைக்காரர் சொன்ன "அரைப் பங்கு" இந்த டொலர்களில் இந்த ஒரு வகைக்கு மட்டுமே சரி.

இதே காலத்தில் கிழக்காசியத் துறைமுகங்களில் வழங்கிய இன்னொரு காசு "பிரிட்டிஷ் ட்ரேட் டொலர்". 1895இலிருந்து 1935 வரை, பெரும்பாலும் பம்பாய் நாணயச் சாலையில் அடிக்கப்பட்டது. இதில் அரசன் இல்லை. கையில் சூலமும் கேடயமும் பிடித்து நிற்கும் பிரிட்டானியா என்ற பெண் உருவம் இருக்கும். நிறை 26.95 கிராம், வெள்ளி 900 பங்கு. பம்பாயில் அடித்ததானால் சூலத்தின் நடு முனையில் "பி" என்ற ஆங்கில எழுத்து மிகச் சிறிதாக இருக்கும். நல்ல கண்ணாடி வைத்துப் பாருங்கள். கழுகு ஒன்று பாம்பைக் கவ்விக்கொண்டு கள்ளிச் செடியில் நிற்கும் காசு கிடைத்தால் அது மெக்சிக்கோ நாட்டு வெள்ளி. அதுவும் ஒருகாலம் கிழக்கெங்கும் வழங்கியதுதான்.

அமெரிக்க வெள்ளி டொலர்

வெளிநாட்டில் உள்ள உறவினர் கொடுத்ததாக, அல்லது கப்பலில் போய்வந்தவர் கொண்டுவந்ததாகச் சிலரிடம் அமெரிக்க டொலர் இருக்கும். அதில் இரண்டு வகை முக்கியமானவை. "மோர்கன்" டொலர் 1878 முதல் 1904 வரையும், திரும்ப 1921இலும் அடிக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் இடப்பக்கம் பார்க்கும் பெண்ணின் தலை, மறுபக்கத்தில் சிறகு விரித்த கழுகு. "பீஸ்" டொலர் 1921 முதல் 1928 வரையும், 1934, 1935இலும் அடிக்கப்பட்டது. அதில் கழுகு பாறையொன்றில் சிறகு மடித்து இருக்கும். இரண்டுக்கும் நிறை 26.73 கிராம், வெள்ளி 900 பங்கு.

இவற்றின் பின்பக்கத்தில் நாணயச் சாலையின் அடையாள எழுத்து இருக்கும். மோர்கன் டொலரில் கழுகின் கீழுள்ள மாலைக்கு அடியில் பாருங்கள். "எஸ்" என்றால் சான் பிரான்சிஸ்கோ, "ஓ" என்றால் நியூ ஓர்லியன்ஸ், "சீசீ" என்று இரண்டு எழுத்து இருந்தால் கார்சன் சிற்றி. எழுத்தே இல்லாவிட்டால் பிலடெல்பியா. அந்தச் சிறு எழுத்தினால் விலை பல மடங்கு மாறும். 1893ஆம் ஆண்டு "எஸ்" எழுத்துடன் அடித்தவை ஒரு இலட்சம் மட்டுமே. அதே ஆண்டில் எழுத்தில்லாத காசு அவ்வளவு அரிதல்ல. ஆனால் அரிய காசுக்குத்தான் போலியும் அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

1971இன் பின் வந்த ஐசன்ஹோவர் டொலர் பெரிதாக, வெள்ளி போலவே இருக்கும். சேகரிப்போருக்கென்று அடித்த சிலவற்றைத் தவிர, புழக்கத்திற்கு விட்டவற்றில் வெள்ளியே இல்லை. செம்பும் நிக்கலும்தான்.

அமெரிக்க டொலருக்கும் எமது ஊர் ரூபாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1918 முதல் அமெரிக்க அரசு 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டொலர்களை உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி இந்தியாவில் ரூபா அடிப்பதற்காக பிரித்தானியாவுக்கு விற்கப்பட்டது. இந்திய ரூபா அக்காலத்தில் இலங்கையிலும் செல்லுபடியான பணம். ஆகவே அம்மம்மாவின் முடிச்சில் இருக்கும் 1919ஆம் ஆண்டு ரூபா, ஒருகாலம் அமெரிக்க டொலராக இருந்திருக்கவும் கூடும்.

ரூபாவும் சதமும்

டொலரோடு சேர்ந்து பெரும்பாலும் ரூபாவும் இருக்கும். பிரித்தானிய இந்திய ரூபாவின் நிறை 11.66 கிராம். இது சரியாக ஒரு தோலா. தட்டார்கள் ரூபாவையே படிக்கல்லாக வைத்து நிறுத்தது இதனால்தான். 1939 வரை வந்த ரூபாவில் பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரையிலானவற்றில் சரிபாதி. 1947ஆம் ஆண்டு ரூபா வெறும் நிக்கல். முதல் இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆண்டு ஒன்றே காட்டிக் கொடுக்கும்.

இலங்கையின் 50 சதக் காசின் நடுவில் பனை போன்ற ஒரு மரம் இருக்கும். நிறை 5.83 கிராம். 1892 முதல் 1917 வரை வந்தவற்றில் 800 பங்கு வெள்ளி. 1919 முதல் 1942 வரை வந்தவற்றில் 550 பங்கு. 1943இலிருந்து வந்தது பித்தளை வகை. 1957இல் புத்த ஜயந்தி நினைவாக வந்த 5 ரூபாக் காசு நல்ல வெள்ளி. நிறை 28.28 கிராம், 925 பங்கு வெள்ளி. அதனுடன் வந்த 1 ரூபாவில் வெள்ளி இல்லை.

இலங்கைக்கே ஒரு வெள்ளி டொலர் இருந்தது. 1821ஆம் ஆண்டு "ரிக்ஸ் டொலர்". ஒரு பக்கம் நான்காம் ஜோர்ஜ் அரசன், மறுபக்கம் யானை. இதை யாரும் கையில் வைத்திருந்தால் உலோக விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது சேகரிப்பாளர் தேடும் காசு.

வெள்ளிதானா என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

முதலில் காந்தம். பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தமே போதும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது வெள்ளியல்ல. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று முடிவுகட்டவும் முடியாது. ஏனெனில் செம்பும் பித்தளையும் ஒட்டாது.

இரண்டாவது நிறை. ஒவ்வொரு காசையும் தனித்தனியே இலத்திரனியல் தராசில் நிறுங்கள். தேய்ந்த காசு அரைக் கிராம் அளவில் குறையலாம். 26.95 கிராம் இருக்க வேண்டியது 20 கிராம்தான் இருக்கிறது, ஆனால் ஆண்டு 1903 என்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது தண்ணீர்ச் சோதனை. சிறிய பிளாஸ்ரிக் கோப்பையில் தண்ணீர் வைத்து, அதைத் தராசில் ஏற்றி, தராசைப் பூச்சியத்திற்குக் கொண்டு வாருங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் நிறையை வகுக்க வேண்டும். 900 பங்கு வெள்ளியானால் விடை 10.3 அளவில் வரும். செம்பு நிக்கல் கலவையானால் 8.9 அளவில் நிற்கும். பாதி வெள்ளி இரண்டுக்கும் நடுவில் வரும். உதாரணமாக 26.95 கிராம் காசைத் தொங்கவிட்டபோது தராசு 2.61 காட்டினால், வகுத்தால் வருவது 10.3. அது நல்ல வெள்ளி. இதற்கு நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசு தேவை. நகை வேலை செய்பவரிடம் இருக்கும்.

அரத்தால் உராய்வதோ, அமிலம் விட்டுப் பார்ப்பதோ வேண்டாம். காசில் வடு விழும். வடு விழுந்தால் விலை விழும்.

மினுக்காதீர்கள்

நாம் செய்யும் பெரிய தவறு இதுதான். கறுத்துப்போன காசைக் கண்டதும் புளி போட்டு, சாம்பல் போட்டு, பற்பசை போட்டுத் தேய்த்து விடுகிறோம். காற்றில் உள்ள கந்தகத்தினால் வெள்ளி கறுப்பது இயல்பு. அந்தக் கறுப்பு காசுக்குக் கேடில்லை. தேய்த்தால் மேற்பரப்பு அழிந்து, சேகரிப்பாளர் கொடுக்கும் மேலதிக விலை போய்விடும். உலோக விலை மட்டுமே மிஞ்சும்.

மண்ணில் புதைத்து எடுத்த காசானால், சுத்தமான தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டு, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசி உறையில் வையுங்கள். றப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். றப்பரில் கந்தகம் உண்டு. அது வளைய வடிவிலேயே கறையை விடும். காசைத் தொடும்போது விளிம்பில் பிடியுங்கள்.

காது வைத்து, வளையம் ஒட்டி மாலையில் கோத்த காசும் சிலரிடம் உண்டு. அதற்குச் சேகரிப்பாளர் விலை குறைவு. வெள்ளியின் விலை குறையாது.

இரண்டு விலை உண்டு

ஒவ்வொரு காசுக்கும் இரண்டு விலை. ஒன்று உள்ளிருக்கும் வெள்ளியின் விலை. மற்றது சேகரிப்பாளர் கொடுக்கும் விலை. முதலாவதை நாமே கணக்கிடலாம். காசின் நிறையை வெள்ளிப் பங்கால் பெருக்கினால் சுத்த வெள்ளி எத்தனை கிராம் என்று வரும். அதை அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையால் பெருக்க வேண்டும். உலகச் சந்தையில் விலை "ட்ரோய் அவுன்ஸ்" கணக்கில் சொல்லப்படும். ஒரு ட்ரோய் அவுன்ஸ் 31.1 கிராம்.

அந்தச் சகோதரியின் ஒன்பது காசையும் இப்படிப் பிரித்தோம்.

1903ஆம் ஆண்டுப் பெரிய டொலர் 1: சுத்த வெள்ளி 24.26 கிராம்.
1907, 1908ஆம் ஆண்டு டொலர் 3: சுத்த வெள்ளி 54.57 கிராம்.
1920ஆம் ஆண்டு டொலர் 2: சுத்த வெள்ளி 16.85 கிராம்.
1919ஆம் ஆண்டு ரூபா 1: சுத்த வெள்ளி 10.69 கிராம்.
1944ஆம் ஆண்டு ரூபா 1: சுத்த வெள்ளி 5.83 கிராம்.
புத்த ஜயந்தி 5 ரூபா 1: சுத்த வெள்ளி 26.16 கிராம்.

மொத்த நிறை 172.88 கிராம். சுத்த வெள்ளி 138.36 கிராம். கடையில் சொன்னபடி எல்லாவற்றையும் "அரைப் பங்கு" என்று எடுத்தால் 86.44 கிராம்தான். இடையில் காணாமல் போவது ஏறக்குறைய 52 கிராம். கணக்கிற்காக ஒரு கிராம் 100 ரூபா என்று வைத்தாலும் 5,200 ரூபா வரை இழப்பு. இது வெறும் உதாரண விலைதான். வெள்ளி விலை நாளுக்கு நாள் மாறும். விற்கும் நாளில் விசாரித்து அந்த விலையைப் போட்டுப் பாருங்கள். வாங்குபவர் தன் இலாபத்திற்கும் உருக்கும் செலவிற்கும் கொஞ்சம் குறைப்பார். அது நியாயம். 52 கிராம் குறைப்பது நியாயமல்ல.

இரண்டாவது விலையான சேகரிப்பாளர் விலை, காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதிலும் எவ்வளவு அரிது என்பதிலும் தங்கியிருக்கிறது. அரசனின் தாடி மயிரும் முடியின் மணிகளும் தெளிவாகத் தெரிந்தால் நல்ல நிலை. வழவழவென்று தேய்ந்திருந்தால் உலோக விலையை ஒட்டித்தான் கிடைக்கும். பழையது என்பதற்காக மட்டும் விலை வராது. "மரியா தெரேசா" என்ற ஒஸ்ரிய வெள்ளிக் காசு மத்திய கிழக்கில் நன்றாக வழங்கியது. அதில் எப்போதும் 1780 என்ற ஆண்டே இருக்கும். அந்த அரசி இறந்த பின்னும் அதே ஆண்டைப் போட்டு இருபதாம் நூற்றாண்டிலும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆண்டைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கொழும்பு கோட்டையில் சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை உள்ளது. எமது நாட்டில் வழங்கிய பழைய காசுகளை அங்கே பார்க்கலாம். கொழும்புக்குப் போகும் தேவை வந்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

ஏமாறாமல் இருக்க

தொலைபேசியில் வரும் செய்திகளை நம்பாதீர்கள். "இந்தக் காசு இருந்தால் பல இலட்சம்" என்று படம் போட்டு, முதலில் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்வார்கள். இந்தியாவில் மத்திய வங்கியான ரிசர்வ் வங்கியின் பெயரையே பாவித்து இப்படி ஏமாற்றினார்கள். 2021 ஓகஸ்டில் அந்த வங்கி பொதுமக்களை எச்சரித்தது. வாங்குபவர் உங்களுக்குத்தான் பணம் தரவேண்டும். நீங்கள் அவருக்குத் தரவேண்டியதில்லை.

கடைக்குத் தனியே போகாமல் ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள். குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். காசுகளை ஒன்றாகப் போட்டு நிறுக்க விடாதீர்கள். வகை வகையாகப் பிரித்து, உங்கள் கண்முன் நிறுக்கச் சொல்லுங்கள். "எத்தனை பங்கு வெள்ளியாக எடுக்கிறீர்கள், கிராம் என்ன விலை?" என்று கேளுங்கள். பார்த்துச் சொல்வதாக ஒரு இரவு வைத்திருக்கக் கேட்டால் கொடுக்காதீர்கள். போகுமுன் ஒவ்வொரு காசின் இரு பக்கத்தையும் படம் எடுத்து, நிறையையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். விற்றால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

முக்கியமாக, கடன் கட்டும் நாளன்று காலையில் விற்கப் போகாதீர்கள். அவசரத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தே விலை சொல்லப்படும்.

யாருடைய சொத்து?

"அவர் வீட்டார் கேட்டால் என்ன சொல்வது?" என்று தயங்கும் பெண்கள் பலர். வட மாகாணத்தில் தேசவழமைச் சட்டத்திற்கு உட்பட்டவர்களுக்கு, 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் ஒரு தெளிவான விடை தருகிறது. பெண்ணுக்குத் தாய்வழி, தந்தைவழி முதுசமாக வந்த சொத்து அவளுடைய தனிச் சொத்து. காணி போன்ற அசையாச் சொத்தை விற்கத்தான் கணவரின் எழுத்துச் சம்மதம் தேவை. நகை, காசு போன்ற அசையும் சொத்தை விற்க அவருடைய சம்மதம் தேவையில்லை. அம்மம்மா உங்களுக்கென்று தந்த வெள்ளிக் காசு உங்களுடையதே.

ஆனால் அம்மம்மா யாருக்கென்றும் சொல்லாமல் போயிருந்தால் சகோதரர்களுக்கும் பங்கு உண்டு. விற்ற பின் சொல்வதை விட, விற்கு முன் எல்லோருக்கும் படத்தைக் காட்டிப் பேசிவிடுவது நல்லது. 30 வருடம் யுத்தம் பிரித்த குடும்பத்தை ஒன்பது காசு பிரிக்க வேண்டாம்.

இன்னொன்று. கிணறு வெட்டும்போதோ தோட்டம் கொத்தும்போதோ கிடைக்கும் மிகப் பழைய காலத்துக் காசுகள் வேறு. அவை 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும். அவற்றை விற்கப் புறப்படாமல் கிராம அலுவலருக்கோ தொல்பொருள் திணைக்களத்திற்கோ அறிவியுங்கள்.

ஒன்பதில் மூன்று

அந்தச் சகோதரி கொப்பியில் எழுதிய கணக்குடன் திரும்பவும் கடைகளுக்குப் போனார். நானும் கூடப் போனேன். இரண்டு கடைகளில் பேச்சு முற்றவில்லை. மூன்றாவது இடத்தில் இருந்த வயதான பத்தர் கொப்பியை வாங்கி வாசித்தார். "ஆர் பிள்ளை உனக்கு இதை எழுதித் தந்தது?" என்று கேட்டார். "நான்தான் எழுதினனான்" என்றார் அவர். பத்தர் வகை வகையாகப் பிரித்து நிறுத்தார்.

அவர் எல்லாவற்றையும் விற்கவில்லை. பாதி வெள்ளியான 1920ஆம் ஆண்டு டொலர் இரண்டையும், 1944ஆம் ஆண்டு ரூபாவையும் கொடுத்தார். அவைதான் அவரிடம் இருந்தவற்றில் பெறுமதி குறைந்தவை. கிடைத்த பணம் ஒரு வாரக் கடனுக்குச் சரியாக இருந்தது. மோட்டரை அடுத்த மாதம் பார்ப்பதாகச் சொன்னார். பெரிய புதையல் ஒன்றும் அல்ல. எந்த அதிசயமும் நடக்கவில்லை. நல்ல வெள்ளி ஆறும் இன்னும் அவருடைய கையில் இருக்கின்றன. அதுவே அவருக்குப் பெரிய தெம்பு.

வீட்டுக்கு வந்ததும் மூத்த மகளைக் கூப்பிட்டு, ஆறு கடதாசி உறைகளையும் அவளைக் கொண்டே எழுதுவித்தார். ஆண்டு, நிறை, எத்தனை பங்கு வெள்ளி, யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து என்று எழுதச் சொன்னார். அம்மப்பாவின் பெயரை அந்தப் பிள்ளை முதன்முதலாக எழுதியது அன்றைக்குத்தான்.

பழைய சீலைத் துண்டை என்ன செய்வது என்று மகள் கேட்டாள்.

"அதுவும் இருக்கட்டும். அது அம்மம்மாவின்ரை சீலை" என்றார் தாய்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு முடிச்சு இருந்தால், இன்றைக்கு மாலை அதை அவிழ்த்துப் பாருங்கள். விற்பதற்கல்ல, அறிவதற்கு. விற்கவேண்டிய நாள் ஒருவேளை வந்தால், என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்கலாம்.